குற்றவாளி யாரு? கூடிப் படிச்சா காமிக்ஸ் சொல்லித்தரும் பாடம்!

இரும்புக்கை மாயாவி எந்த ஊர்க்காரர்னு கேட்டா, இங்கிலாந்துன்னு சொல்வீங்க. சரிதான். ஆனா, தமிழில் அவர் பிறந்தது ராமநாதபுரம் மாவட்டத்துல! 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக மாயாவி வந்தபோது, சிவகாசி அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1984-ல் மாடஸ்டி கதையோடு லயன் காமிக்ஸ் தொடங்கியபோதும் அப்படித்தான். மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது 1985-ல்.

இந்த ரெண்டு பேருக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. மாடஸ்டி, ஒரு குற்றக் கும்பலின் முன்னாள் தலைவி. மாயாவியும் 1962-ல் ஆங்கில இதழில் அறிமுகமானபோது, கிடைத்த சக்தியைத் தப்பான வழியில் பயன்படுத்தியவர்தான். ஹீரோ ஆனதெல்லாம் அப்புறம். ஆக, நம்ம அப்பாக்களும் சித்தப்பாக்களும் கொண்டாடிய ஹீரோக்கள், போலீஸ் பார்வையில் ஒரு காலத்துக் குற்றவாளிகள்!

சரி, இதுக்கும் உங்க போனுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு.

ஒரு போட்டோ, ஒரு வரி

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை பக்கம் இருக்கிறவங்களுக்குக் கடத்தல் செய்திகள் புதுசில்ல. 'கடல் அட்டை பறிமுதல், இருவர் கைது' என்று ஒரு வரி, கூடவே தலைகுனிந்து நிற்கும் ஒரு போட்டோ. அடுத்த நொடி ஃபார்வேர்டு பண்ணிட்டு நகர்ந்துடுறோம்.

கொஞ்சம் நில்லுங்க. 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்த பிறகுதான் இந்தியாவில் கடல் அட்டை பிடிப்பது குற்றமானது. அதுவரை இந்தக் கரையில் அது ஒரு தொழில். பாக் நீரிணையைத் தாண்டினால், இலங்கையின் வட பகுதியில் அதையே பண்ணை வைத்து வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். சட்டம் தேவையில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அழிந்துவரும் உயிரினத்தைக் காப்பாற்றத்தான் அந்தத் தடை. ஆனா, கடலுக்குள் முங்கி எடுத்தவர் யார், அதை வாங்கிக் கை மாற்றிப் பெரிய லாபம் பார்ப்பவர் யார்? போட்டோவில் பெரும்பாலும் ஒருத்தர் முகம்தான் இருக்கும்.

கட்டத்துக்கு நடுவே நடக்கும் கொலை

காமிக்ஸில் ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? ஒரு கட்டத்தில் ஓங்கிய கோடரி. அடுத்த கட்டத்தில் இருண்ட தெருவும் ஓர் அலறலும். வெட்டியதை ஓவியர் வரையவே இல்லை. நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியில் அந்தக் கொலையை நடத்தியது, படிக்கிற நாமதான்! ஸ்காட் மெக்ளவுட் என்ற அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் 1993-ல் இதை விளக்கி காமிக்ஸ் வடிவிலேயே ஒரு புத்தகம் போட்டார்.

செய்தியிலும் அதே இடைவெளி இருக்கு. போட்டோவுக்கும் தலைப்புக்கும் நடுவில் விட்டுப்போனதை நாமே நிரப்பி, தீர்ப்பும் எழுதிடுறோம்.

தனியாப் படிச்சா இது பிடிபடாது. கதை ஓட்டத்தில் பக்கத்தைப் புரட்டிடுவோம். நாலு பேர் சேர்ந்து படிச்சா, "அவன்தான் சுட்டான்னு எந்தக் கட்டத்துல இருக்கு, காட்டு" என்று ஒருத்தர் கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் வாசிப்பு வட்டம் வேணும்.

கரையில் ஒதுங்கிய மனிதன்

தொடங்க நல்ல கதை, 'இரத்தப் படலம்'. 1984-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய 'XIII' தொடரின் தமிழ் வடிவம். 2010-ல் லயன் காமிக்ஸ் 18 பாகங்களை ஒரே குண்டு புத்தகமாகவே போட்டது. தலையில் துப்பாக்கிக் காயத்தோடு ஒருவன் கடற்கரையில் ஒதுங்குகிறான். தான் யாரென்றே அவனுக்கு நினைவில்லை. ஒரு வயதான தம்பதி காப்பாற்றுகிறார்கள். பிறகு, அமெரிக்க ஜனாதிபதியைக் கொன்றவன் அவன்தான் என்று குற்றச்சாட்டு வருகிறது.

இதை ராமேஸ்வரத்தில் உட்கார்ந்து படிச்சுப் பாருங்க. 2022-ல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில், தனுஷ்கோடி கரையில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தால் சட்டப்படி குற்றம். பிள்ளைகளின் பசிக்காக வந்தால்? இந்த விவாதம் இங்கே கதை இல்லை, பக்கத்துத் தெரு விஷயம்.

"பசங்க கெட்டுடுவாங்களே!"

வீட்டில் இப்படிச் சொல்வாங்க. 1954-ல் அமெரிக்காவிலும் சொன்னாங்க. விளைவு, குற்றவாளி கண்டிப்பா தண்டிக்கப்படணும், போலீஸையும் நீதிபதியையும் மரியாதைக் குறைவாகக் காட்டக் கூடாது என்று காமிக்ஸுக்கு ஒரு விதித்தொகுப்பே வந்தது. இந்தியாவிலும் 1956-ல் இளைஞர்களைக் கெடுக்கும் வெளியீடுகளுக்கு எதிராகச் சட்டம் வந்தது. தப்பே செய்யாத போலீஸை மட்டும் படிச்சு வளர்ந்தா, நிஜத்தில் கேள்வி கேட்க வராது. எட்டு வயசுக் குழந்தைக்கு எது, இருபது வயசுக்காரருக்கு எது என்று பிரிச்சுக் கொடுத்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துடும்.

எப்படித் தொடங்குறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். கல்லூரிகளும் லீவு விடும். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நாலஞ்சு பேர் காசு போட்டு ஒரு புத்தகம் வாங்குங்க. திருட்டு பி.டி.எஃப் வேண்டாம், தமிழில் காமிக்ஸ் போடுறவங்களே கொஞ்சம் பேர்தான்.

கடைசிச் சில பக்கங்களுக்கு முன்னாடி நிறுத்துங்க. ஆளுக்கொரு பேப்பரில் ரெண்டு பட்டியல்: 'நான் பார்த்தது', 'நானா நினைச்சுக்கிட்டது'. அப்புறம் முடிவைப் படிங்க. ரெண்டாவது பட்டியல் எவ்வளவு நீளம்னு பார்த்தா சிரிப்பு வரும்.

அடுத்த வாரம் காமிக்ஸுக்குப் பதிலா, உங்க வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு கைதுச் செய்திக்கு அதே ரெண்டு பட்டியலைப் போடுங்க. அப்போ சிரிப்பு வராது. அந்த போட்டோவில் இருப்பவர் உங்க ஊர்க்காரராகவே இருக்கலாம்.