கடலில் சிறைப்பட்டோரை மீட்பது யார் கடமை?



வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் சூரத்துல் கஹ்ஃபில் ஒரு கப்பல் வருகிறது. அது கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் கப்பல். மூஸா (அலை) அவர்களுடன் அதில் பயணம் செய்த ஹிள்ர் (அலை) அவர்கள் அக்கப்பலைப் பழுதாக்கிவிடுகிறார்கள். அதில் இருப்போரை மூழ்கடிக்கவா இப்படிச் செய்தீர் என்று மூஸா (அலை) திகைத்துக் கேட்கிறார்கள். பழுதற்ற கப்பல்களையெல்லாம் பலவந்தமாகப் பறித்துக்கொள்ளும் ஓர் அரசன் அப்பக்கம் இருந்தான் என்ற காரணம் பின்னர்தான் தெரிய வருகிறது.

இப்பகுதியை மதரஸாவில் நடத்தும்போதெல்லாம் நமக்கு 2024ஆம் ஆண்டு ரமலான் நினைவுக்கு வருகிறது. அந்த மாதத்தில் ஒரு மாணவர் எழுந்து, “ஹஜ்ரத், கப்பலைப் பிடித்தவர்களும் முஸ்லிம்கள்தானே? அவர்களும் நோன்பு வைத்திருப்பார்களா?” என்று கேட்டார். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. நாமும் உடனே விடை சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்ட விடையையும், அதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வேறு சிலவற்றையும் இங்கே எழுத விரும்புகிறோம்.

முதலில் நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம். 2024 மார்ச் 12ஆம் நாள், வங்காளதேசத்தின் ‘எம்.வி. அப்துல்லாஹ்’ என்ற சரக்குக் கப்பலைச் சோமாலியக் கடற்கொள்ளையர் கைப்பற்றினர். மொஸாம்பிக்கின் மபூத்தோ துறைமுகத்திலிருந்து ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஹம்ரிய்யா துறைமுகத்திற்கு அது ஏறத்தாழ 55,000 டன் நிலக்கரியை ஏற்றிச் சென்றுகொண்டிருந்தது. சோமாலியத் தலைநகர் மொகதிஷுவிலிருந்து சுமார் 600 கடல் மைல் கிழக்கே, ஆழ்கடலில் இது நிகழ்ந்தது. கப்பலில் இருந்த 23 பேரும் வங்காளதேசத்தவர். அந்நாட்டில் அன்றுதான் முதல் நோன்பு. நம் தமிழகத்திலும் அன்றே முதல் நோன்பு. நாம் இஃப்தாருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த வேளையில், சட்டகிராமத்திலும் பிற மாவட்டங்களிலும் 23 வீடுகளில் அழுகை எழுந்தது. பணம் கொடுக்காவிட்டால் ஒவ்வொருவராகக் கொன்றுவிடுவார்களாம் என்று கப்பலின் அதிகாரி ஒருவர் தம் வீட்டாருக்கு அனுப்பிய குரல்பதிவை அந்நாடே கேட்டது.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பல நாட்டுக் கடற்படைகள் அக்கப்பலைப் பின்தொடர்ந்தன. இந்தியக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்று மார்ச் 14 அன்று அதனை நெருங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘அட்லாண்டா’ கடற்படை நடவடிக்கையைச் சேர்ந்த கப்பலும் பின்னே சென்றது. ஆயினும் மாலுமிகள் துப்பாக்கி முனையில் இருந்தமையால் எவரும் தாக்கவில்லை. கொள்ளையர் கப்பலைச் சோமாலியக் கரையோரம் கொண்டுபோய் நங்கூரமிட்டனர்.

இந்நிலையில் மார்ச் 16ஆம் நாள் இன்னொரு செய்தி வந்தது. முந்தைய ஆண்டு டிசம்பரில் கடத்தப்பட்ட ‘ருவன்’ என்ற மால்டா நாட்டுக் கொடியுடைய கப்பலை ஐ.என்.எஸ். கொல்கத்தா மறித்தது. விமானத்திலிருந்து அதிரடி வீரர்கள் குதித்தனர். கொள்ளையர் 35 பேர் சரணடைந்தனர். மாலுமிகள் 17 பேரும் உயிரோடு மீண்டனர். உடனே எங்கும் ஒரே கேள்வி எழுந்தது. இதே வீரத்தை ‘அப்துல்லாஹ்’ கப்பலுக்கும் காட்டினால் என்ன? பன்னாட்டுக் கடற்படைகளுடன் சேர்ந்து தாக்குதலுக்கு ஆயத்தமாவதாகச் சோமாலியாவின் புன்ட்லாந்து காவல்துறையும் அறிவித்தது.

வங்காளதேச அரசு இதற்கு இணங்கவில்லை. மாலுமிகளின் உயிரே முதன்மை, பலப்பிரயோகம் வேண்டாம் என்பதே அதன் நிலைப்பாடாக இருந்தது. அக்கப்பல் வங்காளதேசத்தின் கொடியைத் தாங்கியது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எந்த நாட்டின் கொடி கப்பலில் பறக்கிறதோ அந்நாட்டின் சட்டமும் பொறுப்பும் அக்கப்பலோடு செல்கின்றன. ஆகவே டாக்கா சொன்ன ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு எடை இருந்தது. மார்ச் 20 அன்று கொள்ளையர் கப்பல் நிறுவனத்தைத் தொடர்புகொண்டனர்; பேச்சுவார்த்தை நடந்தது. ஏப்ரல் 14 அதிகாலையில் 23 பேரும் விடுதலையாயினர். மே 14 அன்று சட்டகிராமத்தில் கரையிறங்கிய அவர்களை உறவினர் கட்டியணைத்துக்கொண்டனர். 50 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டதாகக் கொள்ளையர் தரப்பினர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் கூறினர். அரசோ மீட்புப் பணம் பற்றித் தனக்குத் தகவல் இல்லை என்றது.

இது கோழைத்தனம் என்று சிலர் எழுதினர். நாம் அவ்வாறு கருதவில்லை. ‘ருவன்’ ஆழ்கடலுக்கு மீண்டும் வந்திருந்தது. அங்கே கொள்ளையருக்குக் கரையின் துணை இல்லை. ‘அப்துல்லாஹ்’ அவர்களது கரைக்கு அருகே நின்றது. கொள்ளையருக்குக் கரையிலிருந்து ஆளும் ஆயுதமும் வந்து சேரும். கீழே எளிதில் தீப்பற்றும் நிலக்கரி; மேலே துப்பாக்கி முனையில் 23 உயிர்கள். ஓரிடத்தில் சரியாக அமைந்த வீரம் மற்றோரிடத்தில் பெரும் அழிவாகலாம். ஹிள்ர் (அலை) அவர்கள் கப்பலைக் காப்பதற்காகவே அதனைப் பழுதாக்கினார்கள். பெரிய இழப்பைத் தடுக்கச் சிறிய இழப்பை ஏற்பது நம் ஃபிக்ஹு நூல்கள் நன்கறிந்த விதி. பணம் என்பது ஒரு பலகை. உயிர் என்பது முழுக் கப்பல்.

எனினும் ஹிள்ர் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் தன்னிடமிருந்து ஒரு ஞானத்தை அளித்திருந்தான். எந்த அரசுக்கும் அந்த ஞானம் இல்லை. இன்று கொடுத்த பணம் நாளை இன்னொரு கப்பலைப் பிடிக்கத் தோணியும் துப்பாக்கியும் ஆகலாம் என்ற எதிர்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அது உண்மையான அச்சம். ஆனால் அந்த அச்சத்திற்கான விலையைக் கப்பலில் அகப்பட்ட மாலுமியின் உயிரிலிருந்து வசூலிக்கக் கூடாது. நிர்ப்பந்தத்தில் கொடுப்பவர் மீது குற்றமில்லை, வாங்குபவர் மீதே பாவம் என்பதுதான் அநீதிக்கு ஆளானவர் விஷயத்தில் உலமாக்கள் கூறிவந்தது. கொள்ளையை ஒழிக்கும் வேலையை ரோந்து, விசாரணை, தண்டனை ஆகியவற்றால் அரசுகள் செய்யட்டும். ‘ருவன்’ கப்பலில் பிடிபட்ட 35 பேரும் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு, 2022ஆம் ஆண்டின் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தின்படி சட்டத்தின் முன் நிறுத்தப்பட்டமை அத்தகைய ஒரு வேலையே.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். கப்பலைப் பிடித்தவர்களும் முஸ்லிம் பெயர் தாங்கியவர்களே. மாலுமிகள் நோன்பு நோற்கவும் தொழவும் அனுமதிக்கப்பட்டனர். ஏப்ரல் 10 அன்று கப்பலின் மேல்தளத்தில் அவர்கள் பெருநாள் தொழுகை நிறைவேற்றிய படத்தை உலகம் கண்டது. இதனைக் கண்டு, “பரவாயில்லை, கொஞ்சம் இரக்கம் உள்ளவர்கள்” என்று சொன்னோர் நம்மிடையே உண்டு. அச்சொல்லை நாம் வன்மையாக மறுக்கிறோம். வழிமறித்துக் கொள்ளையடித்தல் அல்மாயிதா அத்தியாயத்தில் மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றமாகச் சொல்லப்பட்டுள்ளது. வழி நிலத்தில் இருந்தாலும் நீரில் இருந்தாலும் குற்றம் ஒன்றே. ஒருவனது கழுத்தில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு அவனைத் தொழ விடுவது இரக்கம் ஆகாது.

1991இல் சோமாலிய அரசு சிதைந்தபின் அந்நிய மீன்பிடிக் கப்பல்கள் அக்கடலை அள்ளிச் சென்றன, ஏழை மீனவர் வயிறு காய்ந்தது என்பதெல்லாம் உண்மைதான். அந்த அநீதிக்கும் மறுமையில் கணக்கு உண்டு. ஆயினும் அதைச் செய்தவர் வேறு. நிலக்கரிக் கப்பலில் கூலிக்கு உழைத்த வங்காளதேசத்து மகன் வேறு. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது நம் ஈமானின் அடிப்படைப் பாடம். அநீதி இழைத்தவன் நம்மவன் என்பதற்காக நம் நாவு குழறினால், நீதிக்குச் சாட்சி சொல்லும் தகுதியை நாம் இழந்துவிடுவோம்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி எஞ்சுகிறது. வங்காளதேச அரசு பொறுமை காத்தது சரிதான். ஆனால் அந்தப் பொறுமை பலன் தந்தது எதனால்? கப்பலின் உரிமையாளர் வசதி படைத்த நிறுவனம் என்பதால். அதே குழுமத்தின் ‘ஜஹான் மணி’ என்ற கப்பல் 2010 டிசம்பரில் கடத்தப்பட்டு, ஏறத்தாழ நூறு நாட்களில் மீண்டது. பேசவும் கொடுக்கவும் அங்கே ஆள் இருந்தது.

அவ்வாறு ஆள் இல்லாதவர் கதையைக் கேளுங்கள். ‘ஜஹான் மணி’ பிடிபடுவதற்குச் சில நாட்களுக்கு முன், 2010 நவம்பரில், மலேசியக் கொடியுடைய ‘அல்பெடோ’ என்ற கப்பல் பிடிபட்டது. அதில் பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், இலங்கையர், இந்தியர், ஈரானியர் இருந்தனர். உரிமையாளரால் பணம் திரட்ட இயலவில்லை. 2012இல் பாகிஸ்தானில் மக்களிடம் திரட்டப்பட்ட நிதியால் அந்நாட்டவர் ஏழு பேர் மட்டும் மீட்கப்பட்டனர். மற்றவர் அங்கேயே கிடந்தனர். 2013 ஜூலையில் கப்பலே மூழ்கியது, சிலர் உயிரிழந்தனர். எஞ்சிய பதினொருவர் 2014 ஜூனில், மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகே மீண்டனர். அவர்களில் வங்காளதேசத்தவரும் இருந்தனர்.

அதே நாட்டு மாலுமிகள், அதே கொள்ளைக் கரை. ஒரு கப்பலுக்கு நூறு நாட்கள். இன்னொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்கள். இந்த வேறுபாட்டை உண்டாக்கியது மாலுமியின் தகுதியன்று, முதலாளியின் பணப்பை. இதுவே நம் நெஞ்சை உறுத்துகிறது. பசித்தவருக்கு உணவளிப்பதையும் நோயாளியை நலம் விசாரிப்பதையும் கைதியை விடுவிப்பதையும் நபி (ஸல்) அவர்கள் ஒரே மூச்சில் கட்டளையிட்டதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. கைதியின் முதலாளி யார் என்று அங்கே கேட்கப்படவில்லை. சிறைப்பட்டோரை மீட்பது பைத்துல்மாலின் பொறுப்பு என்றும், அங்கே வசதி இல்லையெனில் அது சமுதாயம் முழுவதன் மீதும் ஃபர்ளு கிஃபாயா என்றும் இமாம்கள் பேசியுள்ளனர். இன்றைய மொழியில் சொன்னால், தன் குடிமகன் கடலில் சிறைப்பட்டால், அவன் எந்தக் கொடியின் கீழ் வேலை செய்தாலும், அவனை மீட்பது அரசின் கடமை. “அது கப்பல் நிறுவனத்தின் விவகாரம்” என்று கைவிரிக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை. கைவிடப்பட்ட மாலுமிகளுக்கென ஒரு நிதியும், குடும்பத்தாருக்கு நாள்தோறும் உண்மை நிலவரத்தைச் சொல்ல ஓர் அதிகாரியும் ஒவ்வொரு கடலோர நாட்டிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை அன்று.

அரசைக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என நம் முன்னோர் கடலோடு வாழ்ந்த ஊர்கள் இன்றும் கடலைப் பார்த்தே நிற்கின்றன. கப்பல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குச் சில சொற்கள். உங்கள் மகன் ஏறப்போகும் கப்பலின் கொடி எது, உரிமையாளர் யார், காப்பீடு உண்டா என்று கேளுங்கள். அனுப்பும் முகவர் இந்தியக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றவர்தானா என்று பாருங்கள். வேலை ஒப்பந்தத்தின் படி ஒன்று வீட்டில் இருக்கட்டும். கடற்கொள்ளையர் பிடியில் இருக்கும் காலம் முழுவதும், ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டாலும்கூட, மாலுமிக்கு ஊதியம் தொடர வேண்டும் என்று பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் திருத்தம் கூறுகிறது. 2020 டிசம்பர் முதல் அது நடைமுறையில் உள்ளது. இதனை அறியாமல் உரிமையை இழந்துவிடாதீர்கள்.

ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல். அப்படி ஒரு வீட்டில் துன்பம் நேர்ந்தால், துஆவோடு நின்றுவிடாமல் அவ்வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் கல்விச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சிறைப்பட்ட முஸ்லிமை மீட்க ஜகாத் நிதியைப் பயன்படுத்தலாமா என்பது குறித்து உலமாக்களிடையே விரிவான விவாதம் உண்டு. ஹன்பலி மத்ஹபில் அதற்கு இடமளித்துள்ளனர். ஸதகாவைப் பொறுத்தவரை தடையே இல்லை. பாகிஸ்தானில் முன்பின் அறியாதவர்கள் பணம் போட்டு ஏழு பேரை மீட்டனரே, அது நமக்கும் எட்டாத செயலன்று.

சூரத்துல் கஹ்ஃபில் வரும் அக்கப்பலின் உரிமையாளர்களை அல்லாஹ் ‘மிஸ்கீன்கள்’ என்கிறான். கப்பல் கைவசம் இருந்தும் அவர்கள் எளியவர்களே. கடல் அவர்களை அவ்வாறு ஆக்கிவிடுகிறது. கப்பலே சொந்தமில்லாமல் அதில் கூலிக்கு நிற்பவன் எவ்வளவு எளியவன் என்பதை இனி அந்த ஆயத்தை ஓதும்போதெல்லாம் நினைப்போம்.

கடலில் சிறைப்பட்டிருக்கும் எல்லா மாலுமிகளையும், அவர்கள் எம்மதத்தவராயினும், அல்லாஹ் பத்திரமாகத் தத்தம் வீடு சேர்ப்பானாக! அவர்களுக்காகப் பேசும் நாவையும் கொடுக்கும் கையையும் நமக்கு அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.