சால்வை போதாது

வயிற்றுப் பிழைப்புக்காகப் படம் வரைகிறவருக்குத் தம் மனத்துக்காக வரைய நேரம் வாய்ப்பதில்லை. மும்பையில் கடைப் பெயர்ப்பலகை எழுதும் தமிழரும், விளம்பர நிறுவனத்தில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் தமிழ் இளைஞரும் இதை நன்கு அறிவர். பகலெல்லாம் பிறர் கேட்ட வண்ணத்தைத் தீட்டிவிட்டு, மின்சார ரயிலில் நின்றபடி வீடு திரும்புகிறவருக்கு இரவில் தூரிகையைத் தொடக் கை எழுவதில்லை. வேலையை விட்டுவிடவும் முடியாது. மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்பியாக வேண்டும்.

இதற்காகச் சோர்ந்துவிட வேண்டியதில்லை. இதே நகரில் 1930-களில் சினிமா விளம்பரத் தட்டிகளை வரைந்து காலம் தள்ளியவர்தான் எம்.எஃப்.உசேன். அந்த வேலை அவருக்குள் இருந்த ஓவியரை அழித்துவிடவில்லை. சென்னையில் ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கர் இதே பிரச்சினைக்குக் கூட்டு முயற்சியால் விடை கண்டார். அவரைச் சேர்ந்த ஓவியர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அந்த வருவாயைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினர். கைவினை சோறு போட்டது. ஆகவே, விலை போகுமா என்ற கவலையின்றி அவர்களால் ஓவியம் தீட்ட முடிந்தது. அக்கிராமம் இன்றும் இருக்கிறது.

கூலி வேலை கலைக்குப் பகையன்று; ஆனால் அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்பதே இதில் அடங்கிய பாடம். வாரத்தில் ஒரு நாளையாவது பிறருக்குக் கொடுக்காமல் காத்துக்கொள்வது கலைஞரின் கடமை.

அந்த ஒரு நாளையும் பறித்துக்கொள்வது யார்? பெரும்பாலும் சொந்தச் சமூகமே. பொங்கல் விழா, ஆண்டு விழா என்றால் மேடைத் திரை வரைய அவரைத்தான் அழைக்கிறார்கள். "நம்ம தம்பிதானே" என்று கூலியைப் பற்றிப் பேசுவதில்லை. பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பேரம் பேசியாவது பணம் கொடுக்கிறவர்கள், ஓவியருக்கு மட்டும் ஒரு சால்வையைப் போர்த்தி அனுப்பிவிடுகிறார்கள். அவருடைய ஞாயிற்றுக்கிழமை அதோடு போய்விடுகிறது.

இந்த வழக்கம் மாற வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் ஓவியரின் வேலைக்கு உரிய கூலியைக் கொடுக்கட்டும். அத்துடன், விழா இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தை மாதம் ஒரு முறையாவது அவருக்குத் திறந்துவிடட்டும். அவர் தமக்காக வரைந்தவற்றை அங்கே மாட்டி வைக்கட்டும். மக்கள் குடும்பத்தோடு வந்து பார்க்கட்டும். சங்கங்களுக்கு இதனால் பெருஞ்செலவு எதுவும் ஏற்படப்போவதில்லை. கலைஞருக்கோ, தாம் இன்னும் கலைஞர்தான் என்ற நம்பிக்கை பிறக்கும்.