இளம்பருவத்தினரின் பாலின மாற்றப் பராமரிப்பும் மருத்துவர்களின் நஷ்டஈட்டு அச்சமும்: நான்காவது கோரிக்கை மனு

பெறுநர்: சுகாதாரப் பொறுப்பேற்றிருக்கும் உயர் அதிகாரிகள் சமுகத்திற்கு
அனுப்புநர்: பெற்றோர் சங்கச் செயலாளர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
பொருள்: பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளை மருத்துவர்கள் பரிசோதிக்கவும் மறுப்பது குறித்து

ஐயா, அம்மையீர்,

பிறப்பில் குறிக்கப்பட்ட பாலோடு தம்மைப் பொருத்திக்கொள்ள இயலாமல் தவிக்கும் பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழ்ப் பெற்றோர் கூடி நடத்தும் சங்கம் எங்களுடையது.

இது நாங்கள் சமர்ப்பிக்கும் நான்காவது மனு. முந்தைய மூன்றிலும் என்ன எழுதினோம் என்பதை மீண்டும் விரிவாக எடுத்துரைக்க வேண்டியிருப்பதற்குச் சமுகம் பொறுத்தருள வேண்டும். அவை படிக்கப்பட்டதற்கு அறிகுறி ஏதும் இதுவரை எங்களுக்குக் கிட்டவில்லை. தைப்பூச விடுமுறை கழிந்த மறுவாரம் கொடுத்த முதல் மனுவில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டிருந்தோம்: தாயோ தந்தையோ உடன்வந்து, எழுத்தில் சம்மதமும் கொடுத்த பின்னர், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையோடு ஒரு மருத்துவர் இவ்விஷயம் பற்றி அமர்ந்து பேசுவது எந்த விதிக்கேனும் விரோதமாகுமா என்பது. பதில் வரவில்லை. அதே ஆண்டு தீபாவளிக்கு முன் கொடுத்த இரண்டாவது மனுவோடு ஆறு பெற்றோரின் கையொப்பமிட்ட வாக்குமூலங்களையும் அவர்கள் ஏறி இறங்கிய கிளினிக்குகளின் அட்டைப் பிரதிகளையும் இணைத்திருந்தோம். கவுன்ட்டரில் முத்திரை குத்திக் கொடுத்த பிரதி இன்றும் என் மேசையிழுப்பில் இருக்கிறது, பதில்தான் இல்லை. மூன்றாவது மனுவில், இம்மனுவிலும் பின்னர் குறிப்பிடப்படும் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பின் சாரத்தையே எடுத்தெழுதினோம். தொலைபேசியில் விசாரித்தபோது, கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே போன கோப்பு கீழே இறங்கி வந்ததாகத் தெரியவில்லை.

இனி, எங்கள் முதற்கோரிக்கைக்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பின்புறம் குடியிருக்கும் ஒரு தாய், நான்காம் படிவம் படிக்கும் தம் பிள்ளையின் அறையைக் கூட்டும்போது, பழைய மைலோ டின் ஒன்றுக்குள் கருத்தடை மாத்திரை அட்டை ஒன்றைக் கண்டெடுத்தார். இருபத்தொரு குழிகளில் பதினொன்று காலியாக இருந்தன. மகன் என்று ஊரார் அழைக்கும் அந்தப் பிள்ளை, மூத்த திருநங்கைகள் யாரோ சொல்லக் கேட்டு, காலையொன்று மாலையொன்றாக அவற்றை விழுங்கி வந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த அம்மாத்திரைகள் இரத்தக்கட்டை உண்டாக்கக்கூடியவை என்பதும், அளவு மிகுந்தால் ஆபத்தும் மிகும் என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. தாய் பிள்ளையை அடித்தார், பிறகு அழுதார், அதன் பின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினார். ஒரு கிளினிக்கில், வயது பதினாறு என்றதும் அட்டையே போடவில்லை. மற்றொன்றில் மருத்துவர் நல்லவராகத்தான் இருந்தார், கதையைப் பாதி கேட்டதும் பேனாவை மூடிவைத்துவிட்டு, “அம்மா, நான் இதுல கை வெச்சா என் காப்புறுதிக்காரங்க என்னை விட்டுடுவாங்க, நாளைக்கு இந்தப் பிள்ளையே பெரியவனாகி என் மேல கேஸ் போடலாம்,” என்றார். இரத்தப் பரிசோதனையாவது செய்யுங்கள் என்று தாய் மன்றாடினார். பரிசோதித்துவிட்டால் பிள்ளை தம் நோயாளியாகிவிடும் என்று அவர் அதற்கும் இசையவில்லை. அந்தத் தாய் எங்கள் அலுவலகப் படியேறி வந்து பிளாஸ்டிக் கோப்பை என் முன் விரித்தபோது, அதில் ஐந்து இடங்களின் முகவரிகள் இருந்தன. மறுத்ததற்கான காரணம் ஒரு தாளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இங்கேதான் எங்கள் முறையீட்டின் மையம் இருக்கிறது. சிகிச்சை செய்த மருத்துவர் விட்டுச்செல்வது காகிதம். அதை வைத்து அவரை வழக்கு மன்றத்துக்கு இழுக்கலாம். திருப்பியனுப்பிய மருத்துவர் எதையும் விட்டுச்செல்வதில்லை. எனவே, பொறுப்பு என்னும் சட்டச் சொல் செய்தவரை மட்டுமே தொடுகிறது. செய்யாதவரால் ஒரு பிள்ளைக்குக் காலில் இரத்தம் கட்டினாலும், மனமொடிந்து வேறு விபரீதம் நேர்ந்தாலும், அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

மருத்துவர்களின் அச்சத்தை நாங்கள் இகழவில்லை. 1971ஆம் ஆண்டின் வயதுநிறைவுச் சட்டப்படி இந்நாட்டில் பதினெட்டு நிறையாதவர் மைனர். 1953ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, மைனருக்கு நேர்ந்த தீங்குக்கான ஆறாண்டுக் கெடு அவர் பதினெட்டை எட்டிய பின்னரே ஓடத் தொடங்குகிறது. பத்து வயதுப் பிள்ளையைக் கவனித்த தனியார் மருத்துவர், அது இருபத்துநான்கு வயதை அடையும்வரை பதினான்கு ஆண்டுகள் கோப்பைப் பத்திரப்படுத்தி வழக்கை எதிர்நோக்கியிருக்க வேண்டியவராகிறார். தொழில் காப்புறுதி இன்றி தொழில் நடத்துவதற்கான ஆண்டுச் சான்றிதழ் பெற இயலாது என்ற நிலையும் சேர்ந்துகொண்டதால், காப்புறுதி நிறுவனத்தின் விருப்பு வெறுப்பே பல இடங்களில் வைத்திய முறையாகிவிட்டது.

ஆனால் இந்த அச்சத்துக்கு ஆதாரமாக மருத்துவர்கள் எந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்களோ, அதே தீர்ப்பைத்தான் நாங்களும் காட்டுகிறோம். 1982இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு பிசகி, இதே கிள்ளான் பள்ளத்தாக்கில், பெட்டாலிங் ஜெயாவில் அறுவைச் சிகிச்சை பெற்று, அதன்பின் கைகால் முடங்கிப்போன ஃபூ ஃபியோ நா என்ற பெண்மணியின் வழக்கில், இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து 2006 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் கடமையை, 1957இன் ஆங்கிலேய போலம் வழக்கு வகுத்தபடி மருத்துவர்களின் வழக்கத்தை வைத்து அளக்கலாகாது என்றும், ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 1992இல் ரோஜர்ஸ் எதிர் விட்டக்கர் வழக்கில் ஏற்றுக்கொண்ட அளவுகோலே பொருந்தும் என்றும் அது முடிவு செய்தது. அந்த ஆஸ்திரேலிய வழக்கில் சொல்லாமல் விடப்பட்ட ஆபத்து பதினாலாயிரத்தில் ஒன்று. அதையும் சொல்லியிருக்க வேண்டும் என்பதே நியாயஸ்தலத்தின் அபிப்பிராயம். 2017இல் ஸுல்ஹஸ்னிமார் வழக்கிலும், ஆபத்துகளை எடுத்துரைக்கும் கடமையைப் பொறுத்தமட்டில், நம் கூட்டரசு நீதிமன்றம் இதே நிலையை உறுதிப்படுத்தியது.

சமுகம் நன்கு கவனித்தருள வேண்டும். அத்தீர்ப்பின் உயிர்நாடி, மருத்துவரே, பேசும் என்பது. முடிவைப் பாதிக்கக்கூடிய ஆபத்துகளைச் சொல்லும், நோயாளியும் பெற்றோரும் அறிந்து முடிவெடுக்கட்டும் என்பது. மௌனத்தைக் குற்றமாக்கிய தீர்ப்பையே மௌனத்துக்குக் காரணமாகக் காட்டுவது எப்படி நேர்ந்தது? பேசினால் தவறாகப் பேசிவிட்டோம் என்று வழக்கு வரும், பேசவே தொடங்காவிட்டால் வழக்கே இல்லை என்று கணக்கிட்டதனால் நேர்ந்தது. அந்தக் கணக்கைத் திருத்தவல்லவர் தாங்கள் ஒருவரே.

அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் மிஸ்ஸூரி மாநிலம் உதாரணம். அங்கே 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் மைனர்களுக்குப் புதிதாகப் பாலின மாற்றச் சிகிச்சை தொடங்குவதைத் தடுத்ததாயினும், முன்னரே பெற்றுவந்த பிள்ளைகள் தொடரலாம் என்று அனுமதித்தது. ஆனால் அதே சட்டம், சிகிச்சை பெற்றவர் இருபத்தொரு வயதுக்குப் பின்னும் பதினைந்து ஆண்டுகள்வரை வழக்குத் தொடுக்கலாம் என்றும், வென்றால் நஷ்டஈடு ஐந்து லட்சம் டாலருக்குக் குறையலாகாது என்றும் விதித்தது. அடுத்த மாதமே செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் திருநர் மையம், அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் மருந்தெழுதுவதை நிறுத்தியது. தாங்க இயலாத பொறுப்புச் சுமையைக் காரணமாகக் கூறியது. சட்டம் திறந்துவைத்த கதவை நஷ்டஈட்டுப் பயம் சாத்தியது. நம் நாட்டில் அப்படிச் சாத்தச் சொல்லும் சட்டம்கூட இல்லை. பயம் மட்டும் இருக்கிறது.

அளவுகடந்து எதையும் நாங்கள் கேட்கவில்லை. மைனர்களுக்கு அறுவைச் சிகிச்சை கேட்கவில்லை. மருந்து எழுதியே தீரவேண்டும் என்றும் கேட்கவில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரலில் வெளிவந்த காஸ் அறிக்கை, இத்துறையின் ஆதாரங்கள் பலவீனமானவை என்று கண்டிப்பாகச் சொன்னது. அவ்வாண்டு டிசம்பரில், பருவமடைதலைத் தள்ளிவைக்கும் மருந்துகளைப் பாலின மாற்றத்துக்காக மைனர்களுக்குப் புதிதாக எழுதுவதற்கு அந்நாட்டு அரசாங்கம் காலவரையற்ற தடை விதித்தது. அதை மறைத்து மனுப்போட எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஆயினும் அந்த அறிக்கையே, இப்பிள்ளைகளின் மனநலத்தையும் உடல்நலத்தையும் ஒருங்கே ஆராயும் முழுப் பராமரிப்பு வேண்டும் என்று வற்புறுத்தியது. மருந்தைத் தடுத்த தேசத்திலும் பிள்ளையைப் பார்ப்பது நிற்கவில்லை.

ஆகவே எங்கள் முதற்கோரிக்கை: பெற்றோர் சம்மதத்துடன் வரும் மைனரோடு பேசுதல், மனநல மதிப்பீடு செய்தல், சுரப்பியியல் நிபுணரிடம் அனுப்புதல் ஆகியவை தம்மளவில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஏதுவாகா என்று எழுத்தில் சுற்றறிக்கை ஒன்று பிறப்பிக்க வேண்டும். தானே ஹார்மோன் மாத்திரை உண்டுவிட்ட பிள்ளையின் இரத்தத்தைப் பரிசோதிப்பது பாலின மாற்றச் சிகிச்சை ஆகாது, விபத்தைத் தடுக்கும் சாதாரண வைத்தியமே என்பதும் அதில் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். மறுக்கும் மருத்துவர் மறுப்பின் காரணத்தை ஒரு தாளிலெழுதிக் கையொப்பமிட்டுப் பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். இம்மூன்றில் மூன்றாவதை மட்டும் முதலில் தந்தாலும், மற்றவை பின்னால் தாமே வந்துசேரும் என்பது என் சொந்த நம்பிக்கை.

இரண்டாவது கோரிக்கை: சம்மதப் படிவங்களைத் தமிழிலும் அச்சிட்டு வழங்க வேண்டும்.

மூன்றாவது கோரிக்கை: மருத்துவக் குறிப்புகளின் பிரதியை நியாயமான கட்டணத்தில், குறித்த காலத்துக்குள் பெற்றோர் பெற ஏற்பாடு செய்ய வேண்டும்.

நான்காவது கோரிக்கை: இருபாற்கூறுகளுடன் பிறக்கும் சிசுக்களுக்கு, உயிராபத்து நேரும் சந்தர்ப்பம் தவிர, பாலைத் திருத்தும் அறுவை கூடாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழங்கிய தீர்ப்பையும், அதையொட்டி அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு பிறப்பித்த ஆணையையும் பரிசீலித்து, இங்கும் அத்தகைய வழிகாட்டுதல் வகுக்க வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை: சங்கங்கள் அளிக்கும் மனுக்களுக்குப் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

முந்தைய மூன்று மனுக்களின் பிரதிகளையும், ஆறு வாக்குமூலங்களையும், பெயர் மறைத்து இத்துடன் இணைத்திருக்கிறோம். மேற்சொன்ன தாய், அழைக்கும் நாளில் வேலைக்கு விடுப்பெடுத்துக்கொண்டு பிள்ளையுடன் சமுகத்தின் முன் வரச் சம்மதித்திருக்கிறார். அந்த மாத்திரை அட்டையையும் எடுத்து வைத்திருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்