வெப்பச் சிகிச்சையும் ஈரலின் வலிமையும்

ஈரலில் தோன்றும் சிறு புற்றுக்கட்டிகளை வெப்பத்தால் அழிக்கும் முறை 1990-களிலிருந்து வழக்கில் உள்ளது. கட்டிக்குள் ஊசியொன்றைச் செலுத்தி, மின்னோட்டத்தால் 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேற்றினால் அங்குள்ள உயிரணுக்கள் உடனே மடிகின்றன. நோய் எஞ்சாதிருக்கும் பொருட்டு, சுற்றியுள்ள நல்ல திசுவிலும் ஒரு சிறு பகுதி சேர்த்தே அழிக்கப்படுகிறது.

மறுநாள் இரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம்கள் உயர்ந்திருப்பது இயல்பே; பெரும்பாலும் சில நாட்களில் அவை தணியும். அவை அணுக்களின் சேதத்தைக் காட்டுமேயன்றி, எஞ்சிய ஈரலின் திறனை அளப்பனவல்ல. அத்திறனை அறியப் பிலிருபின், ஆல்புமின், இரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றை நோக்குதல் வேண்டும். நலமான ஈரல் இழந்ததை வளர்த்துக்கொள்ளும். சிரோசிஸ் பற்றிய ஈரலுக்கு அவ்வாற்றல் குறைவு. ஈரற்புற்றோ பெரும்பாலும் அத்தகைய ஈரலிலேயே தோன்றுகிறது.

ஆதலின், கட்டி அழியுமா என்பதோடு ஈரல் தாங்குமா என்பதையும் முன்னரே ஆராய்வதுதான் முறை என்பது எமது கருத்து. சிகிச்சை பெற்று ஊர் திரும்பியவருக்குக் கண் மஞ்சளித்தாலோ, வயிறு வீங்கினாலோ, அறிவு தடுமாறினாலோ, களப்பணியாளர் அவரைத் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். ஆசிரியர்கள் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியின் பயனையும் மதுவின் தீங்கையும் மாணவர்க்கு உணர்த்துவாராக. ஈரலைக் காப்பது, அதைச் சுட்டு நோய் தீர்ப்பதினும் எளிது.