சட்டமும் நாமும்: மாநிலம் தரும் அட்டையும் மத்திய அரசு கேட்கும் கேள்வியும்

ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழும் வாசகர் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையாருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. ஊரில் ஷெல் வீச்சின்போது முதுகிற் புகுந்த இரும்புத் துண்டுகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. நோவினால் இரவில் உறக்கமில்லை. நீண்ட காலமாக எடுத்த மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டன. மாநிலத்தின் மருத்துவக் கஞ்சாத் திட்டத்திற் பதிந்துகொள்ளலாம் என்று வைத்தியர் கூறியிருக்கிறார். தந்தையார் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர். அடுத்த ஆண்டு பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளார். "அரசாங்கமே அட்டை தருகிறது. அரசாங்கம் தரும் அட்டையை எடுத்தால் அரசாங்கத்தோடு பிரச்சினை வருமா?" என்பதே மகனுடைய கேள்வி.

நியாயமான கேள்வி. ஆனால் அதில் 'அரசாங்கம்' என்ற சொல் மூன்று தடவை வருகிறது. மூன்று இடத்திலும் அது ஒரே அரசாங்கத்தைக் குறிக்கவில்லை. அட்டையைத் தருவது மாநில அரசு. பிரஜாவுரிமையைத் தருவது மத்திய அரசு. சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியிலேயே இருக்கிறது.

கஞ்சா என்றவுடன் எம்மவர் பலர் முகஞ்சுளிப்பர். ஆயினும் நாட்டு வைத்தியர் சில லேகியங்களில் அதனை அளவோடு சேர்த்ததை எமது முதியோர் அறிவர். அமெரிக்காவில் அதனை நோயாளர் பாவிக்க முதன்முதலில் வழி திறந்த மாநிலம் கலிபோர்னியா. 1996 நவம்பரில் அங்கே வாக்காளர்கள் வாக்களித்து அச்சட்டத்தை நிறைவேற்றினர். இன்று ஏறத்தாழ நாற்பது மாநிலங்களில் இத்தகைய சட்டங்கள் உள்ளன. ஒன்றின் விதி மற்றொன்றில் செல்லாது.

பென்சில்வேனியாவின் சட்டம் 2016 ஏப்ரலில் ஒப்பமிடப்பட்டது. விற்பனை 2018 பெப்ரவரியில் ஆரம்பமாயிற்று. அங்கே நோயாளி முதலில் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் பதிவேட்டில் தன் பெயரைப் பதியவேண்டும். அதற்கு அம்மாநிலத்தின் சாரதி அனுமதிப்பத்திரமோ அடையாள அட்டையோ தேவை. பின்னர், திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற வைத்தியர் ஒருவர், சட்டத்திற் குறிப்பிட்ட நோய்களுள் ஒன்று இவருக்கு உண்டு எனச் சான்றுரைக்க வேண்டும். புற்றுநோய், வலிப்பு, தீராத கடும் நோவு, போர் போன்ற கொடிய அனுபவங்களின் பின் வரும் மனவடு நோய் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. அதன் பின்னர் 50 டொலர் கட்டணஞ் செலுத்தி அட்டையைப் பெறலாம். வருமானங் குறைந்தோருக்கான சில உதவித் திட்டங்களில் உள்ளோருக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் மருந்தின் விலையை மருத்துவக் காப்புறுதி ஏற்பதில்லை.

விற்கக்கூடிய பொருட்களுக்கும் வரையறை உண்டு. மாத்திரை, எண்ணெய், டிங்சர், பூச்சு மருந்து என்பன அனுமதிக்கப்பட்டுள்ளன. உலர்ந்த இலையையும் வாங்கலாம். ஆனால் கருவியில் ஆவியாக்கி உள்ளிழுக்க மாத்திரமே. புகைத்தல் அங்கே சட்டவிரோதம். கஞ்சா சேர்த்த இனிப்புப் பண்டங்களை விற்பனை நிலையம் விற்க முடியாது. புளோரிடாவிலோ, 2019 மார்ச்சிற்குப் பின் நோயாளர் புகைப்பதற்கும் அனுமதி உண்டு. உறவினர் ஒருவர் வேறு மாநிலத்திலிருந்து சொல்லும் ஆலோசனையை அப்படியே பின்பற்றுதல் ஆகாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இவ்வளவும் மாநிலச் சட்டம். இதில் ஒரு சிறிய விடயத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். வைத்தியர் இங்கே 'மருந்துச் சீட்டு' எழுதுவதில்லை. சான்றிதழ் மாத்திரமே வழங்குகிறார். ஏன்? மத்திய அரசின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை மருத்துவப் பயனற்ற போதைப்பொருட்களின் முதலாம் அட்டவணையிற் சேர்த்தது. அந்த அட்டவணைப் பொருளுக்கு எந்த வைத்தியரும் சீட்டு எழுத முடியாது. மாநிலங்கள் அந்தத் தடையைச் சுற்றிச் செல்லவே சான்றிதழ் என்னும் வழியைக் கண்டன. அட்டை பிறந்த விதமே அதன் பலவீனத்தைக் காட்டுகிறது.

2005 ஜூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. கலிபோர்னியாச் சட்டப்படி நடந்த ஒரு நோயாளி ஆயினும், மத்திய சட்டத்திலிருந்து அவருக்குப் பாதுகாப்பு இல்லை என ஆறு நீதியரசர் தீர்ப்பளிக்க, மூவர் மறுத்துரைத்தனர். அதன் பின்னர், 2014 டிசெம்பரில், மாநில மருத்துவத் திட்டங்களைக் குழப்புவதற்கு நீதித் திணைக்களம் பணஞ் செலவிடலாகாது எனக் காங்கிரஸ் தடை விதித்தது. அது சிறைக்கு எதிரான ஒரு கவசம். குடிவரவு அலுவலகத்திற்கு அந்தத் தடை பொருந்தாது.

2019 ஏப்ரல் 19ஆம் திகதி குடிவரவுத் திணைக்களம் வெளியிட்ட கொள்கைக் குறிப்பு, மாநிலம் அனுமதித்திருப்பினும் கஞ்சா தொடர்பான செயல் மத்திய சட்டத்தை மீறுவதே என்றும், பிரஜாவுரிமைக்கு வேண்டிய 'நன்னடத்தை' இல்லை என்ற முடிவுக்கு அது இடமளிக்கும் என்றும் கூறியது. அத்தொழில் சார்ந்த வேலையையும் அக்குறிப்பு விட்டுவைக்கவில்லை. பொதுவாக விண்ணப்பத்திற்கு முந்திய ஐந்து ஆண்டுகளின் நடத்தை ஆராயப்படும். 30 கிராமுக்கு மேற்படாத அளவை ஒரேயொரு தடவை வைத்திருந்தமைக்குச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. மாதந்தோறும் வாங்கும் நோயாளிக்கு அது எப்படி உதவும்?

இதற்குப் பொலிஸ் வழக்கோ தண்டனையோ தேவையில்லை என்பதே எம்மவரை அதிகம் பாதிக்கக் கூடியது. உத்தியோகத்தரின் கேள்விக்கு விடையாக, குற்றத்தின் கூறுகளைத் தானே ஒப்புக்கொள்வதும் போதும். ரொறன்ரோவில் ஒரு திருமணத்திற்குச் சென்று திரும்பும் முதியவர் ஒருவரின் பணப்பையில் அந்த அட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "இது என்ன?" என்று உத்தியோகத்தர் கேட்கிறார். பெரியவர், ஒளிக்க ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையில், எல்லாவற்றையும் விபரமாகச் சொல்கிறார். நாட்டுக்குள் மீண்டும் அனுமதிப்பதா என்ற வினா அந்த இடத்திலேயே எழக்கூடும்.

சட்டம் மாறப்போகிறதே என்பர் சிலர். கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றும் பிரேரணையை நீதித் திணைக்களம் 2024 மே மாதத்தில் வெளியிட்டது உண்மை. ஆனால் குடிவரவுச் சட்டம் எல்லா அட்டவணைகளிலுமுள்ள பொருட்களைச் சேர்த்தே பேசுகிறது. எனவே அட்டவணை மாறினால் மாத்திரம் இந்த ஆபத்து நீங்கிவிடாது.

ஆகவே நாம் கூற விரும்புவன இவை:

1. பிரஜாவுரிமை பெறாதவர், அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன்னரே, குடிவரவுச் சட்டத்திற் பயிற்சியுள்ள சட்டத்தரணியைச் சந்திக்க வேண்டும். வைத்தியருக்கு நோய் தெரியும். குடிவரவுச் சட்டம் தெரியவேண்டும் என்பதில்லை.

2. தந்தைக்காகப் 'பராமரிப்பாளர்' என்ற பெயரிற் பதிந்து, வாங்கிக்கொடுக்கலாம் என்று பிள்ளைகள் எண்ணுவதுண்டு. பிள்ளையும் பிரஜையல்லாதவராயின், பிறருக்கு வழங்குதல் என்பது மத்திய சட்டத்தில் வைத்திருத்தலிலும் பாரதூரமானது. அகதி அந்தஸ்துப் பெற்றவர் நிரந்தர வதிவிடம் கோரும்போது மனிதாபிமான அடிப்படையிற் பல தடைகள் மன்னிக்கப்படலாம். போதைப்பொருட் கடத்தல் என்ற சந்தேகத்திற்கு அந்த மன்னிப்பு இல்லை.

3. இத்தகைய விற்பனை நிலையங்களில் வேலை தேடும் எமது இளைஞரும் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

4. எல்லை தாண்டிக் கொண்டுசெல்லலாகாது. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. எனினும் எல்லையைத் தாண்டி அதனைக் கொண்டுவருவதும் கொண்டுபோவதும் இரு நாடுகளிலும் குற்றமே.

5. மத்திய அரசின் உதவியுடன் இயங்கும் வீடுகளில் வசிப்போருக்கு அட்டை பாதுகாப்பல்ல. அவ்வீடுகளுக்கு மத்திய சட்டமே பொருந்தும்.

6. ஏற்கெனவே பாவித்தவர் பீதியடைய வேண்டாம். பொய்யும் சொல்ல வேண்டாம். சத்தியஞ் செய்து பொய்யுரைத்தல் தனியானதொரு தடை. விண்ணப்பத்தை அனுப்பும் முன்னர், பயணச்சீட்டு எடுக்கும் முன்னர், சட்டத்தரணியிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

அப்படியாயின் முதியவர் நோவைத் தாங்கியே இருப்பதா? இல்லை. கஞ்சாவின் கூறுகளை அடிப்படையாகக் கொண்ட சில மருந்துகளை மத்திய அரசே அங்கீகரித்துள்ளது. 1985இல் வந்த ட்ரோனபினோல் புற்றுநோய்ச் சிகிச்சையின் வாந்திக்கும், 2018இல் வந்த எபிடியோலெக்ஸ் சில கடும் வலிப்பு நோய்களுக்கும் உரியவை. வைத்தியர் சீட்டெழுதி, மருந்துக்கடையில் பெறும்போது அவற்றிற் குற்றமில்லை. முதுகு நோவுக்கு அவை உரியனவல்ல. ஆயினும் நோவுச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்புமாறும், நரம்பு நோவுக்குரிய மருந்துகளையும் உடலியக்கச் சிகிச்சையையும் ஆராயுமாறும் குடும்ப வைத்தியரைக் கேட்கலாம். "எனது தந்தையார் இன்னும் பிரஜையாகவில்லை" என்ற ஒரு வசனத்தையும் அவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். பல வைத்தியர்களுக்கு அதன் பாரம் தெரியாது.

பிலடெல்பிய வாசகருக்கு எமது பதில் இதுதான். தந்தையாரின் நோவுக்கு மருந்து தேடுவது உங்கள் கடமை. ஒரு நாட்டை இழந்து இன்னொரு நாட்டின் வாசலில் நிற்கும் அவர், அந்த வாசலைக் கடந்த பின்னர் இந்த அட்டையைப் பற்றி ஆறுதலாக யோசிக்கலாம். அதுவரை வேறு மருந்து தேடுங்கள்.