களிம்பு ஏறிய கம்பி

ஜூலை மாத மழை. காட்கோபர் லால் பகதூர் சாஸ்திரி சாலை ஓரத்தில் மக்கர் செய்து நிற்கிறது ஒரு பைக். சாவியைத் திருப்பினால் மீட்டரில் விளக்கு எரிகிறது. ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி. பின் சீட்டில் மாலைக்குள் கொடுத்து முடிக்க வேண்டிய பார்சல்கள். “பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க அண்ணே” என்று வண்டிக்காரரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். மாற்றினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. அதற்குப் பிறகும் வண்டி கிளம்பாமல் போகலாம்.

மும்பை மெக்கானிக்குகளுக்கு மழைக்காலத்தில் பழகிப்போன காட்சி இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நகரம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளம் என்றைக்கோ ஒரு நாள்தான் வரும். பைக்கின் வயரிங்கை அரிப்பது தினசரி ஈரம்தான். காட்கோபருக்குக் கிழக்கே தானே கழி. வடக்கே காஞ்சூர்மார்க் பக்கம் உப்பளங்கள். காற்றிலேயே உப்பு கலந்திருக்கிறது. செம்புக் கம்பியும் பித்தளை முனையும் அதில் நனைந்தால் பச்சையாகக் களிம்பு பூக்கும். களிம்பு மின்சாரத்தை முழுசாகத் தடுக்காது. பாதி வழி விடும். வண்டி ஒரு சமயம் ஓடி, ஒரு சமயம் நிற்பது இதனால்தான்.

ஒரு காலத்தில் இது இவ்வளவு பெரிய தலைவலியாக இல்லை. எண்பதுகளில் வந்த 100 சி.சி. வண்டிகளில் பேட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்தால் மேக்னெட்டோ பொறி தந்துவிடும். ஹாரன் அடிக்காது, இண்டிகேட்டர் எரியாது. ஆனால் வீடு போய்ச் சேரலாம். சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேல் ஒரு ஆம்மீட்டரே இருந்தது. ஓடும்போது முள் மைனஸ் பக்கம் சாய்ந்தே நின்றால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். மெக்கானிக்கைத் தேட அவகாசம் கிடைத்தது.

இப்போது அந்த அவகாசம் இல்லை. 2017 ஏப்ரல் முதல், எஞ்சின் ஓடினால் ஹெட்லைட்டும் எரியும். அணைக்க சுவிட்ச் கிடையாது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதிகள் வந்ததும் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பெட்ரோலை அனுப்பும் பம்ப்பும், எப்போது எவ்வளவு என்று கணக்குப் போடும் ஈ.சி.யூ. பெட்டியும் கரண்ட்டை நம்பியே இருக்கின்றன. பல வண்டிகளில் கிக்கரையும் எடுத்துவிட்டார்கள். ஒரு கம்பியில் களிம்பு ஏறினால் போதும், முழு வண்டியும் நின்றுவிடும். பார்சல் கொடுத்துப் பிழைப்பவருக்கு அன்றைய கூலியும் அதோடு போகிறது.

அதனால் கோளாறைத் தேடும் முறைதான் முக்கியம். நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை, கேள்வி கேட்கிறார். எப்போது நின்றது? மழையிலா, வாட்டர் சர்வீஸ் செய்த பிறகா? புதிதாக ஹாரனோ அலாரமோ மாட்டினீர்களா? யாரோ கம்பியை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய இடத்தில்தான் பாதிக் கதை இருக்கும்.

அடுத்தது மீட்டர். வண்டியை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். எஞ்சினைச் சற்று உறுமவிட்டால் 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். 13-ஐத் தாண்டாவிட்டால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுப் பேட்டரியை வேக வைத்துக்கொண்டிருக்கிறது. இதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி மாட்டினால் அதுவும் சில வாரங்களில் பழசோடு சேர்ந்துகொள்ளும்.

அடிக்கடி ஃப்யூஸ் போகும் வண்டிக்கு வேறு வைத்தியம். சிகரெட் அட்டையின் ஜிகினாக் காகிதத்தைச் சுற்றி ஃப்யூஸுக்குப் பதிலாகச் செருகும் பழக்கம் ஒன்று உண்டு. அதைவிட ஆபத்து வேறில்லை. அடுத்து எரியப்போவது கம்பி. அதற்கும் மேலே இருப்பது பெட்ரோல் டாங்க். விஷயம் தெரிந்தவர் ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பைக் கோக்கிறார். எங்கோ ஷார்ட் இருக்கும் வரை பல்பு பளிச்சென்று எரியும். அதைப் பார்த்தபடியே வயரிங்கை ஒவ்வொரு இடமாக அசைக்கிறார். எந்த இடத்தைத் தொட்டதும் பல்பு மங்குகிறதோ, அங்கேதான் கம்பி தோல் உரிந்து ஃபிரேமில் உரசுகிறது. பெரும்பாலும் அது ஹேண்டில் பாரின் கழுத்துப் பகுதி. தினம் நூற்றுக்கணக்கான முறை திரும்புகிற இடம், கம்பி தேயாமல் என்ன செய்யும்?

ஈ.சி.யூ. வந்த பிறகு மீட்டரோடு ஸ்கேனரும் சேர்ந்திருக்கிறது. எஞ்சின் லைட் எரிந்தால் ஸ்கேனர் ஒரு எண்ணைக் காட்டும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு சென்சாரின் பெயரை ஸ்கேனர் சொன்னால் அந்த சென்சார் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. அந்த வழியாக வர வேண்டிய தகவல் சரியாக வரவில்லை என்றுதான் பொருள். சென்சார் கெட்டிருக்கலாம். அதற்குப் போகும் கம்பி அறுந்திருக்கலாம். கனெக்டருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கலாம். பல ஆயிரம் ரூபாய் பெட்டியை மாற்றுவதற்கு முன் கனெக்டரைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். ஆனால் பழைய டெஸ்ட் லேம்ப்பைக் கொண்டுபோய் ஈ.சி.யூ. கம்பியில் குத்தக் கூடாது. அது இழுக்கும் கரண்ட்டை அந்தப் பெட்டி தாங்காமல் போகலாம். பரிசோதனையே நோயாகிவிடும்.

சரி, அந்த பைக்? மெக்கானிக் மீட்டரை பேட்டரியின் இரு முனைகளில் வைக்கிறார். 12.6. “பட்டனை அழுத்துங்க.” டக். மீட்டர் 12.4-க்கு மேல் இறங்கவே இல்லை. செத்த பேட்டரியாக இருந்தால் தடாலென்று விழுந்திருக்கும். கரண்ட் இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் உடம்பிலும் வைத்து மறுபடி அழுத்தச் சொல்கிறார். இங்கே அரை வோல்ட்கூடக் காட்டக் கூடாது. மீட்டர் 9 காட்டுகிறது.

பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த எர்த் கம்பி. போல்ட்டைக் கழற்றினால் முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின். பட்டனை அழுத்தினால் முதல் அழுத்தலிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்கிறது.

செலவு ஒரு துண்டு உப்புத்தாள். மெக்கானிக் வாங்குகிற கூலியைப் பார்த்து, “இவ்வளவுதானே செஞ்சீங்க, இதுக்கா?” என்று வண்டிக்காரர் இழுக்கிறார். தேய்த்ததற்கு அல்ல அந்தக் கூலி. எங்கே தேய்க்க வேண்டும் என்று கண்டுபிடித்ததற்கு. மாற்ற வேண்டாத பேட்டரியை மாற்றாமல் விட்டதற்கு.