திமிங்கலம் பார்க்கப் போறீங்களா? மாசம் பார்த்துப் போங்க!

எங்கள் விருதுநகர், சிவகாசி பக்கம் டூர் கிளம்ப இரண்டு சமயம்தான் உண்டு. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் அடைத்திருக்கும் நாட்கள் ஒன்று. பங்குனிப் பொங்கல் முடிந்து வரும் கோடை லீவு மற்றொன்று. முன்பெல்லாம் குற்றாலம், கொடைக்கானலோடு சரி. இப்போது மதுரையில் விமானம் ஏறி இலங்கைக்கே போய்த் திமிங்கலம் பார்த்து வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால், எந்த ஊர், எந்த மாதம் என்று விசாரிக்காமல், ஏஜென்ட் சொன்ன இடத்துக்குப் பணத்தைக் கட்டிவிடுவதுதான் சரியில்லை.

இலங்கையில் இதற்குப் பேர் போன இடங்களில் முக்கியமானவை இரண்டு. தெற்கே மிரிசா, கிழக்கே திருகோணமலை. இரண்டு இடத்திலும் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே ஆழ்கடல் வந்துவிடுவதால், உலகிலேயே பெரிய உயிரான நீலத் திமிங்கலம் அந்தப் பக்கம் வருகிறது. ஆனால் சீசன் வேறு வேறு. மிரிசாவுக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று ஆரம்பித்தால் அங்கே கடல் கொந்தளிக்கும். அந்த நேரத்தில் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். இது தெரியாமல் மே லீவில் மிரிசாவுக்குப் போனால், சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு கரைந்து, பிள்ளைகள் வாந்தி எடுத்ததுதான் மிச்சம்.

என்னைக் கேட்டால், கோடை லீவில் குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் திருகோணமலைதான் நல்லது. வயதான மாமியாரையும் கைக்குழந்தையையும் படகில் ஏற்ற முடியுமா? அங்கே சம்பந்தர் பாடிய கோணேஸ்வரம் கோயில், கடலை ஒட்டிய சுவாமி மலைப் பாறை மேலேயே இருக்கிறது. சீசனில் அதிர்ஷ்டமும் ஒரு பைனாகுலரும் இருந்தால், திமிங்கலம் மூச்சு விடும்போது புகை போல எழும்புவதை அங்கிருந்தே பார்க்கலாம். சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு.

மிரிசாவில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு திமிங்கலம் முதுகைக் காட்டினால் போதும், படகுகள் சுற்றி வளைத்துக் கொள்கின்றன. போதாததற்கு, அந்தத் தெற்குக் கடல் வழியாகத்தான் பெரிய சரக்குக் கப்பல்கள் ஓயாமல் போகின்றன. அவை மோதித் திமிங்கலங்கள் செத்துப் போகின்றன. 2022ல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம், தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளிப் போகச் சொல்லிவிட்டது. கப்பல்காரர்களே வழி விடும்போது, வேடிக்கை பார்க்கப் போகிற நாம் துரத்தலாமா? 'இன்னும் கிட்டே போங்கண்ணே, போட்டோ எடுக்கணும்' என்று படகுக்காரரை அவசரப்படுத்துவதே நம்மைப் போன்றவர்கள்தானே!

எந்த ஊரானாலும், 'நூறு மீட்டராவது தள்ளி நிறுத்துவீர்களா? பிள்ளைகள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா?' என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். 'கண்டிப்பாகக் காட்டுகிறேன்' என்று சத்தியம் செய்பவரை மட்டும் நம்பாதீர்கள். கடலில் இருப்பதற்கு யார் உத்தரவாதம் தர முடியும்?

'பக்கத்தில் தூத்துக்குடி இருக்க, இலங்கை எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு பக்கம் சுமார் 80 திமிங்கலங்கள் கரை ஒதுங்கியது நினைவிருக்கும். மீனவர்களும் அதிகாரிகளும் பாடுபட்டுக் கடலுக்குள் தள்ளியும், பாதிக்கு மேல் இறந்து போயின. 1973லும் அந்தக் கடற்கரையில் 147 ஒதுங்கியிருக்கின்றன. அந்தத் துயரத்தை வைத்து, 'இங்கேயே பார்க்கலாம்' என்று மீன்பிடிப் படகை வாடகைக்குப் பிடித்துக் கடலுக்குள் போவது வீண் ஆபத்து. வெளிநாடு போக வசதி இல்லாதவர்கள், ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறை நடத்தும் படகுச் சவாரிக்குப் போய் அலையாத்திக் காடுகளைப் பார்க்கலாம். குறைந்த செலவு, பிள்ளைகளுக்கும் குஷி.

அடுத்த டூருக்கு நாள் குறிக்கும்போது, ஆண்களே பேசி முடிக்கட்டும் என்று அடுப்படியில் நின்றுவிடாமல் நாமும் கூட உட்காருவோம். முதலில் மாதம், அப்புறம் ஊர், அதற்கப்புறம் படகு. என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, விருதுநகர்.